சக்கரம் இல்லாமல் ஒரு பானை வனைய

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மதிப்பீட்டுக்கு முதல் நாள் இரவு, 40 செ.மீ. உயரத்துக்கு ஒரு தாழியைக் கட்டி முடித்துவிட்டு விடுதிக்குப் போய்ப் படுத்தேன். காலையில் வந்து பார்த்தபோது அது பலகையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அடிவயிறு பிதுங்கி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கோணி, பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கியவரைப் போல இருந்தது. கயிறுபோல உருட்டிய பன்னிரண்டு மண்திரிகளை ஒரே மூச்சில் அடுக்கியிருந்தேன். கீழே இருக்கும் மண் இறுகுவதற்கு முன்பே அதன் தலையில் பாரம் ஏற்றிவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. மண் சரியில்லை என்று இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மண் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் உடைத்தவை, வெடிக்கவிட்டவை, கோணலாக்கியவை எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தால், கைப்பழக்கம் போதாமல் கெட்டவை கொஞ்சம்தான். ஈரத்தின் பதம் தெரியாமல் கெட்டவையே மிகுதி. வெல்லப் பாகு காய்ச்சுகிறவர்கள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்களே, அதே வேலைதான் இதுவும். எந்தப் பதத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துவிட்டால் விரல்கள் மெல்லப் பழகிக்கொள்ளும். எனவே இந்தக் கட்டுரையில் அழகான வடிவங்களைப் பற்றி அதிகம் இருக்காது. ஈரத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

சக்கரம் இல்லாமல் வனைவது, சக்கரம் வாங்க வசதியில்லாதவர்களின் மாற்று ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளிலேயே முதுமக்கள் தாழிகளைக் கண்ணாடிக்குக் கீழே பார்க்கும்படி 2023-இல் காட்சியகம் திறந்திருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள். அவ்வளவு பெரிய கலத்தைச் சக்கரத்தில் ஒரே இழுப்பில் எழுப்ப முடியாது. ஐயனார் கோயில் புரவிகளும் கையால் எழுந்தவைதான்: முதலில் நான்கு கால்கள் குழல் குழலாக, அவை இறுகிய பிறகு வயிறு, அதன் பிறகு கழுத்து, கடைசியில் தலை. மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்தில் பானை நின்ற இடத்தில் நிற்கும். வனையும் பெண்தான் அதைச் சுற்றி நடப்பார். நைஜீரியாவின் லாடி குவாலி இப்படித் திரி ஏற்றிக் கட்டிய நீர்க்குடங்களால்தான் உலகம் அறிந்தவரானார். அந்நாட்டின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் அவர் படம் இருக்கிறது.

மண்ணைத் தேடுவது

முதல் மண்ணை விலைக்கு வாங்குங்கள். ஆர்வக் கோளாறில் மண்வெட்டியோடு கண்மாய்க்குக் கிளம்பிவிட வேண்டாம். அனுமதியில்லாமல் மண் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒன்று. எந்த அடுக்கு மண் பாண்டத்துக்கு ஆகும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது என்பது இன்னொன்று. பக்கத்தில் குயவர் வீடு இருந்தால், மிதித்துப் பக்குவப்படுத்தி வைத்திருக்கும் மண்ணில் 10 கிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்த்திகை விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில் போய் நிற்காமல் இருப்பது நல்லது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் வாளியில் மூடி வைத்தால் மண் மாதக்கணக்கில் கெடாது. சொல்லப்போனால் நாள் ஆக ஆகத்தான் அதன் பசைத்தன்மை கூடும். கொஞ்சம் நாற்றமெடுத்தால் மகிழ்ச்சியடையுங்கள்.

வாங்கிய மண்ணில் ஒரு துண்டைக் கிள்ளி, பென்சில் பருமனுக்குத் திரியாக உருட்டி, ஆள்காட்டி விரலில் மோதிரம்போலச் சுற்றிப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் கட்டுவதற்கு ஏற்ற மண். மேலே நுண்ணிய விரிசல்கள் ஓடினால் ஒன்று ஈரம் போதாது, அல்லது மணல் அதிகம். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் மிகுதி. வேறு சோதனையே தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு இந்த ஒன்றை நம்புகிறேன்.

வேறு ஒரு பரிசோதனையும் உண்டு. அது உங்கள் மண்ணுக்கான கணக்கு. பட்டையாக ஒரு துண்டு தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். முழுவதும் காய்ந்ததும் கோட்டை அளந்து பாருங்கள், சுட்ட பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். 9.2 செ.மீ. என்று வந்தால் உங்கள் மண் நூற்றுக்கு 8 சுருங்குகிறது என்று பொருள். மூடி போட்ட ஜாடி செய்யும்போது இந்தக் கணக்கு இல்லாமல் செய்தால் மூடி தனியாகவும் ஜாடி தனியாகவும்தான் வாழும்.

நீங்களே மண்ணைத் தயாரிப்பதானால், முதலில் அதை வெயிலில் எலும்பாகக் காயவிடுங்கள். இதைக் கேட்டதும் எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள். எப்படியும் தண்ணீரில்தானே போடப் போகிறோம்? அரை ஈரமாக இருக்கும் கட்டி தண்ணீருக்குள் நாள் கணக்கில் கட்டியாகவே கிடக்கும். நன்றாகக் காய்ந்த கட்டியோ தண்ணீரில் விழுந்ததும் பொலபொலவென்று தானே உதிரும். உதிர்ந்த குழம்பைக் கொசுவலையிலோ மாவு சலிக்கும் சல்லடையிலோ வடித்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் கொட்டி, செங்கல்மேல் பரப்பினால் செங்கல் மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

வடிக்கும்போது வெள்ளை வெள்ளையாகச் சிறு மணிகள் தென்பட்டால் கவனமாக இருங்கள். அவை சுக்கான்கல்லாக இருக்கலாம். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். மிளகு அளவு சுக்கான்கல் ஒன்று பானைச் சுவருக்குள் இருந்துவிட்டால், சூளையின் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். சுட்டெடுத்து, பாராட்டெல்லாம் வாங்கி, அலமாரியில் வைத்து ஒரு வாரம் ஆன பிறகு, பானையின் தோல் காசு அளவுக்குச் சில்லாகத் தெறித்து விழும். உள்ளே வெள்ளைப் புள்ளி ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வெறும் களிமண் மட்டும் போதாது. பத்துப் பங்கு மண்ணுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு சலித்த நுண்மணலோ, உடைந்த மண்பாண்ட ஓடுகளை இடித்துச் சலித்த தூளோ சேர்க்க வேண்டும். இவை தாமே சுருங்குவதில்லை. மண் துகள்களுக்கு நடுவே நின்று, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழி விடுகின்றன. புரவி செய்பவர்கள் மணலோடு உமியும் கலப்பார்கள். உமி சூளையில் எரிந்துபோய் நுண்துளைகளை விட்டுச் செல்லும். தடித்த சுவர் கொண்ட பெரிய உருவத்துக்கு அது பொருந்தும். சிறிய கிண்ணத்துக்கு ஓட்டுத் தூளே போதும்.

ஒரு எச்சரிக்கை. ஓடு இடிக்கும்போதும், காய்ந்த மண்ணைக் கையாளும்போதும் மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். கை கழுவிய மண் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் கழுவி, மண் அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், அடி மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

பிசைவது

சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைகளுக்கு இங்கே ஒரு சிக்கல். மாவை மடித்து மடித்துப் பிசைவோம். மண்ணை மடித்தால் மடிப்புக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் அழுத்தி, உருட்டித் தன் பக்கம் இழுத்து, மறுபடி அழுத்த வேண்டும். சரியாகச் செய்தால் மண்ணுருண்டை மாட்டுத் தலைபோல நடுவில் நெற்றியும் இருபுறம் கொம்புமாகத் தெரியும். ஐம்பது முறை அழுத்திய பிறகு மெல்லிய கம்பியாலோ மீன் பிடிக்கும் நரம்பாலோ குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகம் துளை துளையாக இல்லாமல், அறுத்த சோப்பைப் போல வழவழப்பாக இருந்தால் போதும்.

காற்றுக் குமிழி இருந்தால் பானை சூளையில் வெடித்துவிடும் என்று கல்லூரியில் நுழைந்த முதல் நாளே பயமுறுத்தினார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. குமிழி இருந்தால் சுவர் அந்த இடத்தில் பலவீனமாக இருக்கும், அவ்வளவுதான். வெடிக்கவைப்பது ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் சிக்கிய ஈரம் திடீரென்று அவ்வளவு இடம் கேட்டால் சுவர் என்ன செய்யும்?

முதலில் ஒரு கிண்ணம்

தாழிக்கு ஆசைப்படுவதற்கு முன் கிள்ளிக் கிள்ளி ஐந்து கிண்ணங்கள் செய்யுங்கள். சாத்துக்குடி அளவு உருண்டையை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலை நடுவில் இறக்குங்கள். அடியில் ஒரு செ.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். பிறகு கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே: ஒரு கிள்ளு, உருண்டையைக் கொஞ்சம் திருப்பு, அடுத்த கிள்ளு. அடியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். விளிம்பைக் கடைசி வரை தொடாதீர்கள். விளிம்பிலிருந்து தொடங்கினால் அது அகன்று தட்டாகிவிடும், அடி மட்டும் உரல்போலத் தடித்து நிற்கும்.

எல்லோரும் செய்யும் தவறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விளிம்பில் சிறு விரிசல் தெரிந்ததும் விரலைத் தண்ணீரில் தொட்டுத் தடவுவார்கள். விரிசல் மறையும். இரண்டு நிமிடத்தில் மறுபடி தெரியும், மறுபடி தண்ணீர். கால் மணி நேரத்தில் கிண்ணம் களியாகிக் கையில் குழையும். தண்ணீர் விரிசலை மூடுவதில்லை, மறைக்கிறது. விரிசலின் இரு கரைகளையும் உலர்ந்த விரலால் ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்து இணைப்பதுதான் வழி. என் மேசையில் தண்ணீர்க் கிண்ணமே வைக்கக் கூடாது என்று எங்கள் ஆசிரியர் ஒரு மாதம் தடை போட்டிருந்தார். அப்போது கோபம் வந்தது. இப்போது முதலாம் ஆண்டு மாணவர்களின் மேசையிலிருந்து நான் அதை எடுத்துவிடுகிறேன்.

சுவர் எங்கும் 6 முதல் 8 மி.மீ. வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஐந்தாவது கிண்ணத்தைக் கத்தியால் நேர்குறுக்கே அறுத்துப் பாருங்கள். மனம் வராது, ஆனாலும் அறுங்கள். எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று வெட்டுமுகம் காட்டுவதை வேறு எதுவும் காட்டாது.

திரி ஏற்றிக் கட்டுவது

இப்போது தாழிக்கு வரலாம். முதல் முறை 20 செ.மீ. உயரம் போதும்.

ஒரு மரப்பலகையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் 8 மி.மீ. கனத்துக்கு வட்டமான அடியைத் தட்டுங்கள். தாள் இல்லாமல் பலகையில் நேராக வைத்தால், காயும்போது அடிப்பகுதி சுருங்க முயலும், பலகை விடாது, நடுவில் விரிசல் விழும்.

திரி உருட்டுவது பார்க்க எளிது. சுண்டுவிரல் பருமனில், ஒரே சீராக, உள்ளங்கையால் அழுத்தாமல் விரல்களை விரித்து வைத்து, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் நகர்த்தி உருட்ட வேண்டும். சற்று அதிகமாக அழுத்தினாலும் திரி பட்டையாகிவிடும். பட்டையானதை மேலும் உருட்டினால் உள்ளே குழல்போலப் பொத்தலாகும். உடனே நிறுத்தி, இரு பக்கமும் தட்டிச் சதுரமாக்கி, மறுபடி தொடங்குங்கள். கைமுறுக்குச் சுற்றத் தெரிந்த அத்தையோ பாட்டியோ வீட்டில் இருந்தால் அவர்களை உட்காரவைத்து உருட்டச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அனைவரையும்விட நேர்த்தியான திரியை உருட்டியவள், சிறுவயதில் தீபாவளிக்குத் தீபாவளி கைமுறுக்குச் சுற்றிய பெண்.

அடியின் ஓரத்தைப் பழைய சீப்பால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள். அதே மண்ணைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்த குழம்பைக் கீறலில் தடவுங்கள். திரியை அதன்மேல் வைத்து, இரு முனைகளையும் சாய்வாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணையுங்கள். பிறகு உள்பக்கம் கட்டைவிரலால் திரியின் மண்ணைக் கீழே இழுத்து அடியோடு இழையுங்கள். வெளிப்பக்கம் கீழ்மண்ணை மேலே இழுத்துத் திரியோடு இழையுங்கள். வெளியே திரிகளின் வரி அழகாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டால், விடலாம். ஆனால் உள்பக்கம் கட்டாயம் இழைத்தாக வேண்டும். அடுத்த திரியின் இணைப்பு முந்தைய இணைப்புக்கு நேர்மேலே வராதபடி தள்ளிப் போடுங்கள். கொத்தனார் செங்கல் அடுக்கும் கணக்குத்தான்.

வயிறு அகல வேண்டுமானால் திரியை விளிம்பின் வெளிஓரமாக வையுங்கள். குறுக வேண்டுமானால் உள்ஓரமாக. ஒவ்வொரு திரிக்கும் ஒரு நூல் அளவு தள்ளினால் போதும். அவசரப்பட்டு அகலப்படுத்தினால் வயிறு தொங்கும்.

நான்கைந்து திரி ஆனதும் எழுந்துவிடுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான வரி. மேல் விளிம்பை மட்டும் ஈரத் துணியால் போர்த்திவிட்டு, தேநீர் குடிக்கப் போங்கள், வேறு வேலை பாருங்கள். சாதாரண நாளில் இரண்டு மூன்று மணி நேரம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். ஐப்பசி அடைமழையில் மறுநாள் காலை. கீழ்ச்சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள்: ரேகை பதிய வேண்டும், ஆனால் சுவர் உள்வாங்கக் கூடாது. அப்போதுதான் அடுத்த நான்கு திரி. நான் அன்றிரவு பன்னிரண்டை ஏற்றியதற்குப் பதில் மூன்று நாளில் மூன்று தடவையாக ஏற்றியிருக்க வேண்டும். மதிப்பீட்டு நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி மண்ணிடம் கேட்க முடியாது என்பதால், மதிப்பீட்டுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

சுவர் சற்று இறுகிய பிறகு, உள்ளே உருண்டையான கூழாங்கல்லை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, வெளியே தட்டையான மரக்கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். திரிகளுக்கிடையே மிச்சமிருக்கும் இடுக்குகள் மூடும், மண் நெருங்கும், வடிவமும் சீராகும். நம் குயவர்கள் சக்கரத்தில் எடுத்த பானைக்கும் இதைத்தான் செய்கிறார்கள். சக்கரத்திலிருந்து வரும்போது பானைக்கு அடியே இருக்காது. தடித்த சுவரோடு திறந்து கிடக்கும் அதை மடியில் வைத்து, கல்லும் பலகையுமாகத் தட்டித் தட்டி உருண்டை அடியாக மூடுவார்கள். முதல் முறை பார்த்தபோது, பானையைச் செய்வது சக்கரமா தட்டுப் பலகையா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

பலகைத் துண்டுகளை ஒட்டிப் பெட்டி, சதுர ஜாடி போன்றவை செய்யும் முறையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எனக்கு அதில் ஈடுபாடு குறைவு. சமமான இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணை வைத்துப் பூரிக்கட்டையால் தேய்த்தால் ஒரே கனத்தில் தகடு கிடைக்கும். வெட்டிய தகட்டை மூலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒருமுறை வளைந்த தகடு நேராக்கி வைத்தாலும் காயும்போது அந்த வளைவுக்கே திரும்பும்.

காயவைப்பது

ஈரத்துக்கு நான்கு பதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குழைவுப் பதத்தில் உருவம் கொடுக்கலாம். அடுத்து வருவதை நாங்கள் சோப்புப் பதம் என்போம்: நகத்தால் கீறினால் ஒட்டாமல் சுருளாக வரும், தூக்கினால் வடிவம் மாறாது. கைப்பிடி ஒட்டுவது, செதுக்குவது, துளையிடுவது, மெருகேற்றுவது எல்லாம் இந்தப் பதத்தில். பிறகு நிறம் வெளுக்கும். இனி எதையும் ஒட்ட முடியாது, ஒட்டினால் இரவுக்குள் விழும். கடைசியாக முழு உலர்வு. அப்போதுதான் பாண்டம் எல்லாவற்றையும்விட நொறுங்கும் நிலையில் இருக்கும். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து மட்டும் கையோடு வரும். இரு கைகளாலும் அடியைத் தாங்கித் தூக்குங்கள்.

கைப்பிடி, விளிம்பு, மூக்கு போன்ற மெல்லிய பகுதிகள் முந்திக் காய்ந்து சுருங்கும். தடித்த உடல் பின்தங்கும். இரண்டுக்கும் நடுவே நடக்கும் இழுபறிதான் விரிசல். எனவே முதல் இரண்டு நாள் முழுவதையும் பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி வையுங்கள். மெல்லிய பகுதிகளுக்கு மட்டும் கூடுதலாக ஈரத் துணி. மூன்றாம் நாள் உறையை எடுத்துவிட்டு நிழலில் கவிழ்த்து வைத்தால் அடியும் காற்று வாங்கும். மின்விசிறி வேண்டாம். என் இரண்டாவது தாழியை மேசை விசிறிக்கு முன்னால் வைத்தேன். காற்றுப் பட்ட பக்கம் மட்டும் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரே கோடாகப் பிளந்தது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கையை நம்பாதீர்கள். மண் வேலை செய்யும் கை எப்போதும் ஒன்றுபோல உணராது. பாண்டத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளிருந்து ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அறையின் சூடே அதற்கும் இருந்தால் காய்ந்துவிட்டது.

இந்தச் சோதனையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஊர்ப்புறத்தில் சூளை வைத்திருக்கும் வேளார் ஒருவர். என் ஜாடியைக் கொண்டுபோய் நீட்டினேன். பத்து நாள் காய்ந்தது, வெளுத்துக் கலகலவென்று இருந்தது. அவர் வாங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜாடியின் அடியைக் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடி, ஏதோ காதில் கேட்பவரைப் போலக் கொஞ்ச நேரம் நின்றார். "அடியில் இன்னும் ஈரம் இருக்கிறதம்மா. இன்றைக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை கொண்டுவா" என்றார். எனக்கு மதிப்பெண் அவசரம். கல்லூரிச் சூளையில் அன்று மாலை இடம் இருந்தது. அங்கே வைத்தேன். அது வெடித்ததோடு நிற்காமல், பக்கத்தில் இருந்த தோழியின் இரண்டு கிண்ணங்களையும் கூட்டிக்கொண்டு போனது. அவளுக்கு நான் இன்னும் ஒரு கிண்ணம் பாக்கி.

மெருகு

சோப்புப் பதத்தின் கடைசியில், வெளுப்பதற்கு முன், நன்றாக வடித்த செம்மண் குழம்பை மெல்லிய துணியால் இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் பளபளப்பு அடங்கும் வரை காத்திருங்கள். பிறகு வழவழப்பான ஆற்றுக் கூழாங்கல்லால் சிறு சிறு வட்டமாகத் தேய்த்தால் மண் துகள்கள் படிந்து மின்னத் தொடங்கும். கல்லில் மண் ஒட்டினால் ஈரம் அதிகம். கீச்சென்று கீறினால் தாமதமாகிவிட்டது. ஓர் அடி உயர ஜாடிக்கு ஒரு முழு மாலை ஆகும். வானொலி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மெருகு குறைந்த சூட்டில்தான் நிற்கும். 1,000 டிகிரிக்கு மேல் போனால் மங்கிவிடும்.

சூளை

முதல் முறை சொந்தமாகச் சூளை போடும் ஆசையை விட்டுவிடுங்கள். குயவரின் சூளையிலோ, கல்லூரி மின்சூளையிலோ இடம் கேளுங்கள். குயவரிடம் கேட்பதானால் அவருடைய சரக்கு ஏறும் நாளை முன்பே கேட்டு, அவர் வைக்கச் சொல்லும் இடத்தில் வையுங்கள். எது அடியில், எது மேலே என்பது அவர் கணக்கு.

மின்சூளையானால் முதலில் 100 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் நிறுத்தி, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, கடைசி ஈரத்தைப் போகவிட வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டைத் துவாரத்தின்மேல் பிடித்தால் ஆவி படியும்; படிவது நின்றதும் மூடலாம். 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். மண்ணோடு வேதிமுறையில் பிணைந்திருக்கும் நீர் அந்தப் பயணத்தில்தான் விடுபடுகிறது. அதன் பிறகு அது மண்ணல்ல. தண்ணீரில் போட்டாலும் திரும்பக் கரையாது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சற்றே விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. எனவே ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். நம் ஊர்ச் செந்நிற மண்ணுக்கு 900 முதல் 1,000 டிகிரி போதும். கடையில் வாங்கிய வெண்களிமண்ணோடு சேர்த்து 1,200-க்கு ஏற்றினால் அந்தச் செந்நிற மண் குழைந்து, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். தட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

குயவரின் சூளையில் வைக்கோல், வறட்டி, தேங்காய் மட்டை எல்லாம் வேலை செய்யும். முதலில் வெகுநேரம் புகைதான்; ஈரம் போக்குவதற்கு. பிறகுதான் தீ. காற்று நன்றாகக் கிடைத்த பக்கம் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்றுப் போதாமல் புகையில் மூழ்கிய பக்கம் கரி படிந்து கறுக்கும். பழந்தமிழ் ஊர்களின் அகழாய்வுகளில் கிடைக்கும் கருப்பு-சிவப்பு கலங்கள் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக இருப்பதற்கு, அவற்றைக் கவிழ்த்துச் சுட்டதே காரணம் என்று பொதுவாக விளக்குவார்கள். உங்கள் ஜாடியிலும் ஒரு கருந்திட்டு விழுந்தால் அதைக் குறையாக நினைத்துத் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அணைந்த சூளையை உடனே திறக்கத் தோன்றும். வேண்டாம். கையால் வெறுமனே தொட்டு எடுக்கும் அளவுக்கு ஆறட்டும். எடுத்ததும் விரல் முட்டியால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்திருக்கிறது. பொத்தென்றால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அல்லது வேகவில்லை.

இந்தச் சூட்டில் வெந்த மண் நீர் கசியும். கசிந்த நீர் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. எனவே பூச்சாடியாக வைக்க நினைத்தால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்குங்கள். உணவு வைக்கும் பாத்திரத்துக்கு, ஈயம் இல்லை என்று உறுதியாகத் தெரியாத கண்ணாடிப் பூச்சு (கிளேஸ்) எதையும் பூசாதீர்கள். சுடாமல் உடைந்ததைத் தண்ணீரில் போட்டால் மறுபடி மண். சுட்டு உடைந்ததை இடித்துச் சலித்தால் அடுத்த பானைக்கான ஓட்டுத் தூள்.

என் மூன்றாவது தாழி வெடிக்கவில்லை, பிளக்கவில்லை. வாய் மட்டும் ஒரு பக்கம் லேசாக இளிக்கிறது. ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மறுநாள் தரையில் தேங்கியதைத் துடைத்தார். இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது. காற்றோட்டமாக இருப்பதால் அழுகவில்லை என்கிறார்.